தையல் மெஷின் இல்லாத தையல்காரி

கல்யாணமாகி ஆறு வருஷம் நான் தையல்காரியாக இருந்தேன். ஊசியில் நூல் கோர்க்கக்கூட எனக்குப் பொறுமை கிடையாது. பிள்ளையின் சட்டைப் பட்டன் அறுந்தால் பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் கொடுப்பேன். ஆனால் வருமான வரிக் காகிதத்தில் என் தொழில் தையல், அதில் எனக்கு நல்ல வரும்படி. ஒவ்வொரு ஜூலையிலும் என் வீட்டுக்காரர் காகிதங்களை அடுப்படிக்கே கொண்டுவருவார். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடுவேன். இடது கையில் தோசைக் கரண்டி, வலது கையில் பேனா. மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. வெட்கக்கேடுதான், மறைப்பதற்கில்லை.

அவருக்குச் சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கும் சின்ன அச்சகம். லாபத்தில் ஒரு பங்கைப் பெண்டாட்டி பெயரில் தையல், டியூஷன் என்று ஏதாவது ஒரு தொழில் வருமானமாக எழுதிக் காட்டினால் அவர் கட்டும் வரி குறையும். இதற்கு ‘டாக்ஸ் பிளானிங்’ என்று கௌரவமாகப் பெயர் வேறு. எங்கள் தெருவில் மட்டும் காகிதப்படி ஏழெட்டுத் தையல்காரிகள் இருந்தோம். நிஜமாகவே ஜாக்கெட் தைத்துப் பிழைத்த பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பான் கார்டே கிடையாது.

எனக்கு நிஜமாகவே ஒரு தொழில் இருந்தது. காலண்டருக்கு டின் அடிப்பது. அதாவது, மாதக் காலண்டரின் தலைப்பில் தகரப் பட்டையை வைத்து அழுத்துகிற வேலை. வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் வாடகைக்கு எடுத்த ஒரு கை மெஷின், நான், கூட நாலு பெண்கள். ஆடிப் பதினெட்டுக்குப் புது வருஷக் காலண்டர் மாதிரிகளைத் தொகுத்த ஆல்பம் வந்ததும் ஆர்டர் தொடங்கும். மார்கழி வரை இடுப்பு நிமிராது. சொந்தமாக ஒரு மோட்டார் மெஷின் வேண்டும், அது என் பெயரில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, வருமான வரி ரிட்டர்ன் நகல்களை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனேன்.

அங்கே இருந்த அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். “தையல் நல்லாப் போகுது போலயே. எத்தனை மெஷின் ஓடுது?”

“ஒரு கை மெஷின்தான் சார்.”

“ஒரு ஜாக்கெட்டுக்கு எம்புட்டு வாங்குறீக?”

“நான் காலண்டர் வேலை சார்.”

“இதுல தையல்னுல்ல இருக்கு. கீழ இருக்கிறது உங்க கையெழுத்துதானம்மா?”

ஆமாம், என் கையெழுத்துதான். காலண்டர் தொழிலுக்குக் கடன் வேண்டுமென்றால் அந்தத் தொழிலைக் காட்டி மூன்று வருஷ ரிட்டர்ன் வேண்டும் என்றார். தையல் மெஷின் வாங்குவதாக இருந்தால் இப்போதே பார்க்கலாமாம். அவர் கேலி செய்யவில்லை, நல்லவிதமாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். “ஊருல எல்லாரும் செய்றதுதான். ஒரு கையெழுத்துல உனக்கு என்ன தேஞ்சு போச்சு?” என்றார் வீட்டுக்காரர்.

“என் மெஷின் போச்சு. இனிமே தையல்காரியா ஒரு எழுத்துகூடப் போட மாட்டேன்.”

ஜூலை வந்தது. நான் பேனாவைத் தொடவில்லை. என்னைச் சமாதானப்படுத்த, இந்தக் காகிதங்களை எழுதிக் கொடுக்கும் ஆடிட்டரே வீட்டுக்கு வந்தார். வயசான மனுஷர், சத்தம் போடவில்லை. “சரிம்மா, காலண்டர் வருமானத்தையே காட்டுவோம். கணக்கு எங்கன வச்சிருக்கீக?” என்று கேட்டார். கணக்கு ஏது? தகரம் வாங்கிய பில்லை அலமாரித் தட்டில் விரித்து மேலே டப்பா அடுக்கியிருந்தேன். வாடகைக்கு ரசீது வாங்கியதே இல்லை. இந்த இடத்தில் தப்பு முழுக்க என்னுடையது. “வர்ற ஏப்ரல்ல இருந்து வச்சுக் காட்டுறேன், பாருங்க” என்றேன். அந்த வருஷம் வீட்டுக்காரர் தன் முழு லாபத்துக்கும் வரி கட்டினார். இருபது நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று நானும் இருந்தேன்.

எங்கள் ஊருக்கு வருஷம் முடிவது தீபாவளியோடு. சரக்கு விற்ற காசு வரும், போனஸ் கொடுப்பார்கள், மிச்சத்துக்கு நகை வாங்குவார்கள். அரசாங்கத்தின் வருஷம் மார்ச்சில் முடிகிறது என்பது மார்ச் கடைசி வாரத்தில்தான் உறைக்கும். அந்த வாரம் இன்சூரன்ஸ் ஏஜெண்டுகள் காட்டில் மழை. வரியைக் குறைக்க வட்டிக்கு வாங்கிப் பாலிசி போடுவார்கள். என் வீட்டுக்காரரும் போட்டிருக்கிறார். நான் ஏப்ரல் முதல் தேதியே கணக்கு நோட்டுப் போட்டேன். ஆர்டர் பணம் வந்த அன்றைக்கே வரிக்கு ஒரு பங்கைத் தனியாகப் பேங்கில் போட்டேன். காசு புழங்கும் கார்த்திகையிலேயே பிரீமியம் கட்டினேன். நாலு பெண்களுக்கும் சம்பள நோட்டு வைத்தேன். வாசிக்காமல் கையெழுத்துப் போட்டால் அவர்களைத் திட்டுவேன். “காலண்டருக்கு டின் அடிக்கிறவ வருமான வரி ஆபீசே நடத்துறா” என்று தெருவில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

மூன்று ரிட்டர்ன் போட்டேன், மூன்றிலும் தொழில் காலண்டர். கடன் கிடைத்தது. ஆவணியில் மெஷின் வந்து இறங்கியது.

“ஆயுத பூஜை அன்னைக்கு ஓட்டுவோம். பூஜைக்கு முந்தி எவன் புது மெஷின ஓட்டுறான்?” என்றார் வீட்டுக்காரர். அந்த வருஷம் பூஜை அக்டோபர் பாதிக்கு மேல் வந்தது. மார்ச்சுக்குள் மெஷின் நூற்றெண்பது நாளாவது ஓடியிருந்தால்தான் தேய்மானம் என்று மெஷின் விலையில் ஒரு பங்கை முழுசாக வருமானத்தில் கழிக்கலாம், இல்லாவிட்டால் பாதிதான் என்று படித்திருந்தேன். ஆடிட்டரைப் போனில் கேட்டேன். “கணக்குச் சரிதாம்மா” என்றார். இத்தனை வருஷமாக ஊரே பூஜைக்குக் காத்திருந்து பாதியை விடுகிறதே, ஏன் சொல்லவில்லை என்றேன். “யாரு கேட்டா?” என்றார்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மெஷினை ஓட்டினேன். செவ்வாய் என்று தெரிந்தேதான் ஓட்டினேன்.

அடுத்த ஜூலையில் வீட்டுக்காரர் காகிதங்களோடு அடுப்படிக்கு வந்தார். பென்சில் குறி இல்லை. நான் கரண்டியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன். பெயர், தொழில், மெஷின் தேய்மானம், கட்டிய வரி. அவர் பேனாவை நீட்டியபடியே நின்றார்.

“தோசை கருகுது” என்றார்.

“திருப்பிப் போடுங்க. எனக்கு இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு.”