ஐம்பத்திரண்டாவது சீட்டு

டேரியஸ் பெட்டிகரின் சீட்டை மேசையின் இடது மூலையில் வைத்து, அதன் விளிம்பை நகத்தால் தட்டி நேராக்குகிறார் மார்லீன் வுய்ச்சிக். மற்ற ஐம்பது பேரும் பிறகுதான். எல்லாச் சீட்டும் உள்ளங்கை அளவு. ஒரு பெயர், ஒரு தொகை, பென்சிலில். அணியின் குவாட்டர்பேக் டேரியஸ். பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்துகிறவர். இந்த ஆண்டு அவர் பெயரில் ஐந்து கோடியே இருபது லட்சம் டாலர். கடைசிச் சீட்டுக்காரருக்கு ஒன்பதரை லட்சம். டேரியஸுக்கு மட்டும் கொஞ்சம் பெரிய சீட்டாக வைக்கலாமே என்று யாரோ கேட்டதற்கு, "அவனும் ஒரு நாற்காலியிலதான உக்கார்றான்" என்றாராம் மார்லீன்.

டொலீடோவின் அமெரிக்கக் கால்பந்து அணியின் சம்பளக் கணக்கு முழுவதும் இவர் கையில். வயது ஐம்பத்தெட்டு. சலவைக் கடைக்கும் பீட்சா கடைக்கும் நடுவே ஒரு சிறிய அறையில் இருபது வருடம் ஊராரின் வருமான வரிப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவர். லாண்டரி வாசனை இல்லாமல் கணக்கு ஓடுவதற்கு முதல் ஆண்டு சிரமப்பட்டதாகச் சொல்கிறார்.

ஆட்டம் பார்க்க வருவார்; பார்க்கும் விதம்தான் வேறு. அறுபதாயிரம் பேர் எழுந்து நின்று கத்தும்போது இவர் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார். ஓர் ஆண்டில் அறுபது பந்து பிடித்தால் ஐந்து லட்சம் கூடுதல் என்று ஓர் ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தில் இருந்தது. அவர் ஐம்பத்தொன்பதாவதைப் பிடித்த நாளில் மார்லீன் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்கள் பக்தி என்று நினைத்தார்கள்.

டேரியஸின் ஒப்பந்தத்தில் ஐந்து வருடம் எழுதியிருக்கும். அவர் ஆடப்போவது மூன்றுதான். மீதி இரண்டு, தொகையைப் பரப்பிப் போட மட்டும். அவற்றை மார்லீன் பேய் வருஷம் என்கிறார். "ஆளு போயிருப்பான், அவன் செலவு மட்டும் இங்கயே சுத்திட்டிருக்கும். அப்ப நான் ரிட்டயர் ஆயிருப்பேன். வர்றவங்க மந்திரிச்சுக்கட்டும்."

மார்ச் மாதத்துப் புதன்கிழமை ஒன்றில், மாலை நான்கு மணிக்கு லீகின் புத்தாண்டு பிறக்கிறது. அந்த நிமிடத்தில் எந்த அணியும் இருபத்தெட்டு கோடி டாலர் என்ற சம்பள உச்சவரம்பை ஒரு டாலர்கூடத் தாண்டக் கூடாது. இந்த முறை, இரண்டே கால் மணிக்கு, பொது மேலாளர் வெஸ் ஹாலிடே ஒரு கடிதத்தோடு உள்ளே வந்தார். காலையில்தான் டேரியஸின் புது ஒப்பந்தத்தில் கையெழுத்தாகியிருந்தது. அதனால் வரம்புக்கு மேல் பத்து லட்சம் கூடிவிட்டது. சாப்பாட்டு மேசையில் கைதுடைக்கும் காகிதத்தில் கணக்குப் போட்டு வெஸ் வழியும் கண்டுபிடித்திருந்தார்: கோல்பி ரெனோவின் சம்பளம் பதிமூன்று லட்சம். அவர் சீட்டைக் கிழித்துவிட்டால் தீர்ந்தது. கோல்பியை நீக்கும் கடிதம்தான் கையில்.

பந்தை உதைக்கும் நேரம் வந்தால், குனிந்து, கால்களுக்கிடையே அதைப் பின்னால் எறிவதுதான் கோல்பியின் வேலை. ஆட்டத்துக்கு எட்டு, பத்து முறை. எட்டு வருடத்தில் ஒரு பந்தும் தவறியதில்லை. அதனாலேயே யாருக்கும் அவர் பெயர் தெரியாது. போன மாதம் மைதானத்திலிருந்து எட்டு நிமிடத் தூரத்தில் வீடு வாங்கி, அந்த எட்டு நிமிடத்தை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மார்லீன் வரிசையிலிருந்து கோல்பியின் சீட்டை உருவினார். வரிசைக்கு வெளியே கட்டாக அடுக்கியிருந்தவற்றில் மேலே இருந்த சீட்டை எடுத்து, காலியான இடத்தில் சொருகினார். பட்டியலில் தொண்ணூறு பேர் இருந்தாலும், கோடை முடியும்வரை கணக்கில் வருவது அதிகச் சம்பளக்காரர்கள் ஐம்பத்தொரு பேர் மட்டுமே. ஒருவர் போனால் ஐம்பத்திரண்டாவது ஆள் ஏறி வந்துவிடுவார்.

"பதிமூணு போச்சு. ஒம்பது வந்து உக்காந்துடுச்சு. மிச்சம் நாலு. உங்க பத்து எங்க, வெஸ்?"

வெஸ் இன்னும் இரண்டு பேரையும் அனுப்பிவிடலாமா என்று யோசித்தார். ஒரு கணக்குப் பிழைக்கு மூன்று குடும்பமா என்று கேட்டுவிட்டு, மார்லீன் வேறொரு வழி சொன்னார். டேரியஸின் இந்த ஆண்டுச் சம்பளத்தில் இருபது லட்சத்தை இன்றே முன்பணமாகக் கொடுத்துவிட்டால், விதிப்படி அது ஐந்து வருடத்துக்குப் பரவும். இந்த ஆண்டின் தலையில் நாலு லட்சம்தான் விழும். பதினாறு லட்சம் இறங்கும். ஆனால் அதற்கு டேரியஸ் இன்னொரு கையெழுத்துப் போட வேண்டும். காலையில் வாங்கிவிட்டு மதியம் மறுபடி போய் நிற்பதா என்று வெஸ் கூசினார்.

"நமக்குக் கணக்கே தெரியாதுன்னு நெனைப்பான்."

"தெரியலைதான?" என்றபடி மார்லீன் தொலைபேசியை எடுத்தார்.

டேரியஸ் முடிவெட்டும் நாற்காலியில் இருந்தார். கத்தரிச் சத்தம் இங்கேயும் கேட்டது. தனக்கு ஏதும் குறையுமா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"ஒரு பைசா குறையாது கண்ணு. வாரா வாரம் வர்றது இன்னிக்கே மொத்தமா வரும்."

"யாரைக் காப்பாத்துறீங்க மார்லீனம்மா?"

"அதைக் கேக்காத."

"சரி. நான் ஓடுற வேகத்துல போட்டு அனுப்பிடுறேன்."

"அந்த வேகத்துல போட்டா நாலு மணி தாண்டிடும். நீ எறியிற வேகத்துல போடு."

அந்த முனையில் முடிவெட்டுபவர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். மூன்று இருபத்தொன்றுக்குக் கையெழுத்து வந்தது. மூன்று நாற்பத்தாறுக்கு லீக் அலுவலகம் ஏற்றுக்கொண்டது. ஐம்பத்திரண்டாவது சீட்டு கட்டுக்குத் திரும்பியது. கோல்பி தன் இடத்துக்கு வந்தார். வெஸ் நாற்காலியில் சரிந்து, நெற்றியைத் துடைத்து, நன்றி என்று எதையோ முனகிவிட்டு எழுந்து போனார். கடிதம் மேசையிலேயே கிடந்தது.

நான்கு மணி ஐந்து நிமிடத்துக்குக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு கோல்பியே வந்தார். கையில் ஓர் அட்டைப் பெட்டி. புது வீட்டு அடுப்பில் மனைவி முதன்முதலாகப் பொரித்த டோனட்டாம். பழ ஜாம் வைத்தது. மாடியில் எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டு வந்திருந்தார். பெட்டியின் அடி எண்ணெயில் ஊறி நிறம் மாறியிருந்தது. மேசை நிறையச் சீட்டுகளைப் பார்த்துத் தயங்கினார்.

"எங்க வைக்க? எண்ணெய் ஒழுகுது."

மார்லீன் அந்தக் கடிதத்தை எடுத்து, எழுத்துப் பக்கம் கீழே போகும்படி கவிழ்த்து, உள்ளங்கையால் நன்றாக நீவி, பெட்டிக்கு அடியில் விரித்தார்.