பம்பைக்காரரின் இடது கை

நான் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவன். சங்கரன்கோவிலில் அம்மன் கோவில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் லோடு ஆட்டோவுக்குப் பின்னால் கோர்த்து இழுத்துக்கொண்டு போய் நிறுத்துவேன். ஊரில் பாதிப் பேருக்கு என் பேர் தெரியாது. "ஏ ஜெனரேட்டரு" என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் திரும்பிப் பார்ப்பேன்.

எனக்கு ஒரு நையாண்டி மேள செட்டைப் பிடிக்கும். நாயனம், தவில், பம்பை, தாளம், ஆட ரெண்டு கரகாட்டக்காரிகள். எல்லா செட்டிலும் இருக்கிறதுதான். ஆனால் இந்த செட்டில் பம்பைக்காரர் ஒரு வேலை செய்வார். தவிலும் பம்பையும் மாற்றி மாற்றி அடித்துச் சண்டை போடும். ஒரு இடத்தில் தவில் நிற்கும். நாயனமும் நிற்கும். பம்பை மட்டும் தனியாக ஒரு சத்தம் போடும். மார்கழி மாசக் காலையில் டீசல் இன்ஜின் பிடிக்காமல் முக்குமே, அந்த மாதிரி. முக்கும், இழுக்கும், திரும்ப முக்கும். பிறகு சட்டென்று பிடித்து ஓடும். அதோடு மொத்த செட்டும் சேர்ந்து விழும்.

வலது கையில் குச்சி இருக்கும். அது எனக்குத் தெரியும். இந்தச் சத்தம் இடது கை வேலை. வெறுங்கை. அந்தக் கையால் அடிக்கிறாரா, தேய்க்கிறாரா என்பது எனக்குத் தெரிய வேண்டும். அம்புட்டுதான்.

வீடியோவில் பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். செல்போனில் அந்த செட்டு வாசித்தது எத்தனை கிடக்கிறதோ அத்தனையும் பார்த்துவிட்டேன். ஒருத்தனும் காட்ட மாட்டான். சரியாக அந்த இடம் வரும்போது கேமராவைக் கரகாட்டக்காரி பக்கம் திருப்பிவிடுவான். எந்த ஊரானாலும் அப்படித்தான். எடுக்கிறவன் யாரானாலும் அப்படித்தான். பம்பைக்காரர் மூஞ்சிகூட எனக்குச் சரியாகத் தெரியாது. ஒரு தோள் தெரியும். துண்டு தெரியும். உடனே கரகம் வந்துவிடும்.

நான் போனை வைத்துக்கொண்டு வைவதைப் பார்த்து வீட்டுக்காரி சிரிப்பாள்.

"ஊரே ஆட்டக்காரியப் பாக்கு. நீங்க மட்டும் கையப் பாக்கணும்னு சொல்லுதீங்க. நான் நம்பணும்?"

"நம்பாட்டாப் போ."

"நம்புதேன், நம்புதேன். வேற எவன் டீசலு வாடையோட உக்காந்து கையப் பாக்கேன்னு சொல்லுவான்."

நேரில் போய்ப் பார்க்கலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. எங்கள் பக்கம் கொடை என்றால் பெரும்பாலும் செவ்வாய்க்கிழமைதான். செட்டுக்கும் அன்றைக்குத்தான் வேலை. எனக்கும் அன்றைக்குத்தான் வேலை. அவர்கள் வாசுதேவநல்லூரில் வாசித்தால் நான் பனவடலிசத்திரத்தில் நிற்பேன். அவர்கள் குருவிகுளம் பக்கம் வந்தால் எனக்கு வாசுதேவநல்லூரில் வாடகை விழும். வருஷக்கணக்காக இதே கதை. வாடகையை வேண்டாம் என்று சொல்லுகிற நிலைமையில் நான் என்றைக்கும் இருந்ததில்லை.

போன பங்குனியில்தான் விடிந்தது. எங்கள் ஊரிலேயே ஒரு அம்மன் கோவில் கொடை. மைக்செட்டுக்காரர் வந்து சொன்னார். ரொம்ப நாளாக நானும் அவரும் ஒரே பந்தலில் வேலை பார்க்கிறவர்கள். பம்பையின் அந்தச் சத்தம் தேய்க்கிற சத்தம் என்பது அவர் கட்சி. அடிக்கிற சத்தம் என்பது என் கட்சி.

"வே, உம்ம செட்டு வருது. மதியக் கொடைக்கு."

"யார் சொன்னா?"

"கமிட்டியில சொன்னாவ. ஜெனரேட்டரு உம்மதுதான்னும் சொன்னாவ. இனி உமக்கு என்ன வேணும்? வண்டியையும் பாத்துக்கிடும், கையையும் பாத்துக்கிடும். பாத்துட்டு நான் சொன்னதுதான் சரின்னு ஒத்துக்கிடும்."

அன்றைக்கு விடிய எழுந்து முதல் ஆளாய்ப் போனேன். கோவிலுக்குப் பக்கவாட்டில் ஒரு சந்து. அதில் வண்டியைச் சொருகினால் பந்தல் நேராகத் தெரியும். செட்டு நிற்கிற இடம் தெரியும். ஜெனரேட்டரை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, கேபிளை இழுத்து முடித்தேன். கமிட்டித் தலைவர் வந்தார். வெள்ளை வேட்டி. கையில் மஞ்சள் கயிறு.

"என்னய்யா இங்கன கொண்டு நிறுத்திருக்க? பொகையெல்லாம் சாமி மேல அடிக்கும்."

"காத்து அந்தப் பக்கம்ல அடிக்கு."

"காத்து உன் பேச்சு கேக்குமா? சத்தம் வேற. மேளம் கேக்க வந்த ஜனம் உன் இன்ஜினையா கேக்கும்? தண்ணித் தொட்டிக்குப் பின்னால கொண்டு போ."

ஜெனரேட்டரை எங்கே நிறுத்துவார்கள்? சத்தம் கேட்காத இடத்தில் நிறுத்துவார்கள். இன்ஜின் சத்தம் பந்தலுக்குக் கேட்காது. பந்தல் சத்தம் எனக்குக் கேட்காது. இத்தனை வருஷத்தில் எத்தனையோ கொடைக்குப் போயிருக்கிறேன். கேட்டது பூராவும் இந்த இன்ஜினைத்தான்.

கல்லை எடுத்தேன். கேபிளைச் சுருட்டினேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னால் கொண்டு போனேன். அங்கிருந்து பார்த்தால் தொட்டியும், கோவில் பின்சுவரும், சுவரில் காய்கிற ஒரு கோழி எச்சமும்தான் தெரியும்.

வேன் வந்தது. செட்டு இறங்குகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒல்லியாக ஒரு ஆள் தொட்டியைச் சுற்றி வந்தார். தலையில் துண்டு. கையில் செல்போனும் சார்ஜரும்.

"அண்ணாச்சி, இதை எங்கனயாவது சொருகலாமா? சுத்தமா செத்துப் போச்சு."

வேன் டிரைவர் என்று நினைத்தேன். நான் இருந்த எரிச்சலுக்கு முடியாது என்று சொல்லியிருப்பேன். பாவமாக இருந்தது. வயரை ஒதுக்கி ஒரு பிளக்கைக் காட்டி, ஜெனரேட்டர் போட்டால்தான் ஏறும் என்றேன். சொருகிவிட்டு, "பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உச்சிவேளை பூசை முடிந்தது. கரண்டு இருந்தது, வோல்டேஜ் இல்லை. பந்தலில் ஃபேன் தூங்கி வழிந்தது. ஜெனரேட்டரைப் போடச் சொல்லி ஆள் வந்தது. போட்டேன். அதே நேரத்தில் மேளமும் தொடங்கியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. தரை லேசாக அதிர்ந்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் நின்றேன். இன்ஜின் சீராக ஓடியது. மைக்செட்டுக்காரரிடம் போனேன். ஆம்ப்ளிபயர் முன்னால் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் இருந்தது செட்டுக்குப் பின்பக்கம். அங்கிருந்தும் முதுகுகள்தான் தெரிந்தன.

"வே, ஒரு அஞ்சு நிமிசம் வண்டியைப் பாத்துக்கிடுதீரா?"

"ஆம்ப்ளிபயரை யாரு பாப்பா? உம்ம ஐயாவா?"

"சண்டை ஆயிட்டா?"

"இன்னும் இல்ல. இப்ப ஆரம்பிச்சிருவான். நின்னு பேசாம ஓடும்."

வண்டியை விட்டுவிட்டுப் போனேன். அப்படி நான் போகிறவன் இல்லை.

முன்பக்கம் கூட்டம் நெரிந்தது. முன்னால் நின்றவனெல்லாம் கையைத் தூக்கிப் போனில் எடுத்துக்கொண்டிருந்தான். கைகளுக்கு நடுவில் நாயனத்தின் வாய் தெரிந்தது. கரகத்தின் உச்சியில் சொருகின கிளி தெரிந்தது. முண்டியடித்து உள்ளே போனேன். டீசல் வாடை பட்டு ரெண்டு பேர் தானாக ஒதுங்கினார்கள். தவில் சண்டையை எடுத்தது. பம்பை பதில் சொன்னது. இன்னும் ரெண்டு ஆள் தாண்டினால் போதும்.

மைக்கில் தலைவர் குரல் வந்தது. "மேளத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கப்பா."

நிறுத்தினார்கள்.

பொன்னாடை போடத் தொடங்கினார்கள். அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவருக்கு ஒன்று. பந்தல் போட்டவருக்கு ஒன்று. சென்னையிலிருந்து வந்தவருக்கு ஒன்று. அவர் மச்சானுக்கு ஒன்று. ஒவ்வொருத்தரும் போட்டோவுக்குத் திரும்பி நின்றார்கள். எதற்குப் பொன்னாடை என்று தெரியாமலே ஒருத்தர் வாங்கிக்கொண்டு போனார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஒருத்தர் சொன்னார், "இப்படியே போனா பம்பைக்கும் ஒண்ணு போத்திருவானுவ." யாரோ சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருவழியாக முடிந்தது. மேளம் விட்ட இடத்திலிருந்து எடுத்தது. தவில் ஒன்று சொன்னது. பம்பை ஒன்று சொன்னது. எனக்கு முன்னால் நின்றவன் குனிந்தான். பம்பையின் விளிம்பு தெரிந்தது.

அப்போது தலைக்கு மேல் ஃபேன் சுற்றுகிற வேகம் குறைந்தது. பிறகு கூடியது. திரும்பக் குறைந்தது.

மற்றவர்களுக்கு அது ஃபேன். எனக்கு அது இன்ஜின். டீசல் லைனில் காற்றுப் பிடித்துவிட்டது. ஓடினேன். தொட்டியைத் திரும்புவதற்குள் இன்ஜின் ரெண்டு தரம் இருமி நின்றுபோனது.

அமைதியாகிவிட்டது. கொடை நடக்கும்போது ஜெனரேட்டர் பக்கத்தில் அப்படி ஒரு அமைதியை நான் கேட்டதே இல்லை. மைக் போனது. ஃபேன் போனது. ஆனால் மேளம் போகவில்லை. நையாண்டி மேளத்துக்கு மைக் எதற்கு? அவர்கள் பாட்டுக்கு வாசித்தார்கள்.

ஸ்பேனரை எடுத்து ஃபில்டர் ஸ்க்ரூவை லூஸ் பண்ணினேன். கைப்பம்ப்பை அடித்தேன். டீசல் நுரை நுரையாக வந்தது. நுரை நிற்கிற வரை அடிக்க வேண்டும்.

அப்போது தவில் நின்றது. நாயனம் நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் பம்பை மட்டும் முக்கியது. இழுத்தது. திரும்ப முக்கியது. போனில் கேட்டது இதில் பாதிகூட இல்லை. அடிவயிற்றில் வந்து உட்கார்ந்தது. நடுவில் ஒரு சின்ன விம்மல் இருக்கிறது. அது எந்த வீடியோவிலும் வந்ததில்லை. எழுந்து சுவரைச் சுற்றி ஓடினால் பார்த்துவிடலாம். நுரை நிற்கவில்லை. கை பம்ப்பில் இருந்தது.

"ஏ ஜெனரேட்டரு! செத்துட்டியா?" தலைவர் தொட்டிப் பக்கம் வந்துவிட்டார். "மைக்கு போச்சுல்லா. என்னய்யா பண்ணுத?"

"காத்து எடுக்கேன்."

"காலையிலயே காத்து காத்துன்னு சொன்ன. சீக்கிரம் போடு."

பம்பை பிடித்து ஓடியது. செட்டு மொத்தமும் சேர்ந்து விழுந்தது. ஜனம் விசில் அடித்தது. நுரை நின்றது. ஸ்க்ரூவை இறுக்கி ஸ்டார்ட் பண்ணினேன். அதற்குப் பிறகு இன்ஜின் சத்தம்தான்.

மேளம் முடிந்து சாப்பாட்டுப் பந்தி தொடங்கியது. தலைவர் மைக்கைப் பிடித்தவர் விடவில்லை. அதனால் இன்ஜினை நிறுத்த முடியாது. போன் வைத்த ஆள் தொட்டியைச் சுற்றி வந்தார். சட்டை முழுக்க வேர்வை. இடுப்பில் குச்சி சொருகியிருந்தது. பம்பை அடிக்கிற குச்சி.

நான் குச்சியைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன்.

"பம்பை நீங்களா?"

"ஆங்?" இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

"பம்பை! நீங்களா?"

"ஆமா அண்ணாச்சி!"

இத்தனை நேரம் அவர் போன் என் ஜெனரேட்டரில்தான் கிடந்திருக்கிறது. அந்த முக்குகிற இடம் இடது கையால் அடிக்கிறதா, தேய்க்கிறதா என்று கத்திக் கேட்டேன். அவர் காதில் கையை வைத்தார். நான் என் இடது கையை ஆட்டிக் காட்டினேன். புரிந்துவிட்டது. சிரித்தார். சுற்றிப் பார்த்தார். காலி டீசல் கேன் ஒன்று கிடந்தது. எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டார். குச்சியை வலது கையில் பிடித்தார். இடது பெருவிரலை எச்சிலில் நனைத்தார்.

பெருவிரலை அமுக்கி வைத்து இழுத்தார். இழுக்கும்போதே மற்ற விரல்கள் தட்டின. தேய்க்கிறதும் அடிக்கிறதும் ஒரே கையில். கடைசியில் உள்ளங்கை முழுசாகப் படிந்து எடுத்தது. ஒரு சாண் தூரத்தில் பார்த்தேன். ரெண்டு தரம் செய்து காட்டினார்.

சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

கேட்டதா என்று சாடையில் கேட்டார். கேட்டது என்று தலையை ஆட்டினேன். வேன் ஹாரன் அடித்தது. போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

கேபிளைச் சுருட்டும்போது மைக்செட்டுக்காரர் வந்தார். "அடியா, தேய்ப்பா?" என்றார்.

"ரெண்டும்."

"பாக்கலன்னு சொல்லும் வே. எதுக்குச் சமாளிக்கீரு?"

நான் கேபிளைத் தூக்கி வண்டியில் போட்டேன்.

வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரி மூஞ்சியைப் பார்த்தாள்.

"சத்தம் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"கையப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பிறகு ஏன் இழவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவன் மாதிரி இருக்கீங்க?"

சோறு போடச் சொன்னேன்.

அன்றைக்கு எடுத்த வீடியோவும் போனில் வந்துவிட்டது. பார்த்தேன். ஃபேன் நிற்பது தெரிகிறது. தவில் நிற்கிறது. உடனே கரகாட்டக்காரி வந்துவிடுகிறாள். இப்போதெல்லாம் நான் வைவதில்லை. அந்த இடம் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறேன். மூடினால் கேனும் அந்தப் பெருவிரலும் தெரிகிறது. சத்தத்தோடு ஓரளவுக்குச் சேர்கிறது. ஆனால் நான் அதைப் போட்டுக் கேட்கிறது பெரும்பாலும் லோடு ஆட்டோ ஓட்டும்போதுதான். அப்போது கண்ணை மூட முடியாது.