கண்ணுக்கடியில் இருந்த பைகளைப் பெங்களூரில் விட்டுவந்தேன்

நான் மது தொட்டதே இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் முகத்தைப் பார்த்த யாரும் இதை நம்பியதில்லை. இளவயதிலிருந்தே என் கண்ணுக்கடியில் இரண்டு பைகள். அப்பா விட்டுப்போன சொத்தில் பங்கு கேட்டு யாரும் சண்டைக்கு வராதது இது ஒன்றுதான். திருப்பத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே, "என்னண்ணே, நேத்து கொஞ்சம் ஓவரா?" என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

ஆனால் ஆனி மாதம் மகள் சங்கீதாவுக்கு வந்த வரன், "பொண்ணோட அப்பா தண்ணி போடுவாராமே" என்ற பேச்சோடு நின்றுபோனபோது சிரிப்பு வரவில்லை. அப்படியொரு ஆத்திரம் எனக்கு அதுவரை வந்ததில்லை. அடுத்த வரனின் ஜாதகம் பொருந்தியது. ஆவணியில் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். அதற்குள் இந்தப் பைகளை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சங்கீதா பெங்களூரில் ஐடி கம்பெனியில் வேலை செய்கிறாள், ரிச்சர்ட்ஸ் டவுனில் வாடகைக்கு இருக்கிறாள். "எனக்காகன்னா வேணாம்ப்பா. உங்களுக்காகன்னா சொல்லுங்க, நானே நல்ல டாக்டராப் பாக்குறேன்" என்றாள். எனக்காகத்தான் என்றேன். பாதி உண்மை.

ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினால் கன்டோன்மென்ட் ஸ்டேஷன் சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர், இரண்டரை மணி நேரப் பயணம். அங்கிருந்து ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு ஆட்டோ. மரநிழல் உள்ள தெருக்கள், ஆபரேஷனுக்குப் பிறகு மெதுவாக நடக்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆபரேஷன் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. இமைப் பக்கம் மரத்துப்போக ஊசி, அரைத்தூக்கத்துக்கு மருந்து, மாலையில் வீடு. அதற்குப் பின் வருவதுதான் பொறுமையைச் சோதிக்கும். இரண்டு தலையணை வைத்து மல்லாந்து படுக்க வேண்டும். குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது. துணி சுற்றிய ஐஸ் ஒத்தடம், சொட்டு மருந்து, களிம்பு. கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருக்கும். மூன்றாம் நாள் வீக்கம் உச்சம், கன்னம் வரை கத்திரிக்காய் நிறம். கண்ணாடியைப் பார்த்து நானே பயந்துவிட்டேன்.

அன்று தையலைக் காட்ட மருத்துவமனைக்குப் போனபோது ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். "ஸ்வல்ப ஜாஸ்தி ஆயிடுச்சா சார்? யாரு கூட கலாட்டா?" என்றார். ஊரில் கேட்கும் அதே 'கொஞ்சம் ஓவரா'தான், கன்னடம் கலந்து. சங்கீதா ஆட்டோ குலுங்கச் சிரித்தாள். எனக்கு அழுகையே வந்தது. குடிகாரன் என்ற பெயரை அழிக்கப் போய், குடித்துவிட்டு அடிவாங்கியவன் ஆகிவிட்டேனே!

நான்காம் நாள் மதியம் காலிங் பெல் அடித்தது. கதவைத் திறந்தால் ஒரு கவர் நிறைய ஆப்பிள், ஆரஞ்சு, கூடவே ஹார்லிக்ஸ் பாட்டில். ஆவணியில் வரவேண்டிய மாப்பிள்ளை பிரவீன், அவன் அப்பா, அம்மா. அவர்கள் பெங்களூரிலேயே பொம்மசந்திராவில் இருப்பவர்கள். ஊரில் கடையைப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி, வெட்கப்பட்டு "கண் ஆபரேஷன்" என்று மட்டும் அவர்களிடம் சொல்லியிருக்கிறாள். கண்புரை என்று நினைத்து உடம்பு விசாரிக்க வந்துவிட்டார்கள். நம் ஆட்களிடம் ஆபரேஷன் என்று சொன்னால் பழம் வாங்காமல் இருப்பார்களா?

கறுப்புக் கண்ணாடியைத் தாண்டிக் கன்னத்தில் வழிந்திருந்த ஊதாவை மூவரும் பார்த்தார்கள். பாத்ரூமில் விழுந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். குடிகாரர்கள் சொல்லும் அதே பொய் என்று உறைத்தது. கண்ணாடியைக் கழற்றினேன்.

"புரை இல்லம்மா. கண்ணுக்கடியில பை இருந்துச்சு, அழகுக்காக எடுத்துக்கிட்டேன். அதப் பாத்து எல்லாரும் குடிகாரன்னு சொல்றாங்க. நான் குடிக்கிறதே இல்ல."

பிரவீனின் அம்மா கிட்டே வந்து தையலை உற்றுப் பார்த்தார். "எங்க காதுக்கும் வந்துச்சுண்ணா. நேர்ல பாத்துத் தெரிஞ்சுக்கலாம்னுதான் வந்தோம். மன்னிச்சுக்கோங்க" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் சங்கீதா முந்திக்கொண்டாள். "பரவால்ல ஆன்ட்டி. அப்பாவப் பத்தி நீங்க விசாரிச்சீங்க. நானும் கேக்கலாம்ல? உங்க வீட்ல யாரு குடிப்பாங்க?"

மாமியாராக வரவேண்டியவர் கணவரைப் பார்த்தார். ஒரு சுருக்கம்கூட இல்லாத, பளபளவென்ற முகம் அந்த மனிதருக்கு. அவர் ஹார்லிக்ஸ் பாட்டிலின் லேபிளைப் படிக்க ஆரம்பித்தார்.

"அப்பா சனிக்கிழமை சனிக்கிழமை குடிப்பாரு. நான் ஆபீஸ் பார்ட்டில பியர் ஒண்ணு. மறைக்க ஒண்ணுமில்ல" என்றான் பிரவீன்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள் என் மகள். பெண் வீட்டார் யோசித்துச் சொல்கிறோம் என்று சொன்னது எங்கள் வம்சத்தில் இதுவே முதல்முறை. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது எனக்கு.

போக நினைப்பவர்களுக்கு: செலவு இடத்துக்கு இடம் மாறும், நேரில் கேளுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிட்டால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். திடீரென்று கடும் வலியோ பார்வை மங்கலோ வந்தால் காத்திருக்காமல் ஓடுங்கள். ஒரு வாரத்தில் எனக்குத் தையல் பிரித்தார்கள், நீலம் மஞ்சளாகி மறைந்தது. கீழிமை லேசாக இழுத்தாற்போல இருந்தது, அதுவும் தளர்ந்துகொண்டே வருகிறது.

சங்கீதா ஒரு மாதம் யோசித்தாள். அவனோடு நான்கு முறை காபி குடித்தாள், பிறகு சரி என்றாள். ஆவணியில் பெண் பார்க்க அவர்கள் வரவில்லை. மாப்பிள்ளை பார்க்க நாங்கள் பொம்மசந்திரா போனோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது சம்பந்தி என் முகத்தைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் பயம் இருந்தது. அன்று சனிக்கிழமை.