பாலத்துக்காரன்

என் தங்கை புருஷனை எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஆகாது. லிப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் படுக்கையறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வான். ராஜா காலத்துச் சண்டை விளையாட்டு. வேண்டுமென்றே சுண்டைக்காய் நாட்டை எடுத்துக்கொண்டு பெரிய ராஜ்யங்களோடு மோதுவான். ஜெயித்தும் தொலைப்பான், அதுதான் வயிற்றெரிச்சல்.

எதிரியை அவன் வெட்டவெளியில் சந்திக்கவே மாட்டான். குறுகலான பாலத்துக்கு இழுத்துவந்து, இந்த முனையில் வேல்காரர்களை நிறுத்திவிடுவான். பத்தாயிரம் பேர் வந்தாலும் முன்னால் நிற்கிற நாலு பேர்தான் சண்டை போட முடியும். மற்றவர்கள் பின்னால் வரிசையில் நின்று அம்பு பட்டுச் சாவார்கள். எங்கள் வீட்டில் அவனுக்குப் பேரே பாலத்துக்காரன்.

வீட்டிலும் அதே பிழைப்புதான். ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போக ஒரு ஆள் நுழையும் அளவுக்குத்தான் வழி. சண்டை என்று வந்தால் அங்கே போய் நின்றுகொள்வான். எத்தனை பேர் போனாலும் ஒருவர்தான் எதிரே நின்று பேச முடியும். ஒவ்வொருவராக வாயடைத்து அனுப்புவான்.

தங்கைக்கு வேறு ஊரில் நர்ஸ் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். இவன் அவளுடைய சர்ட்டிபிகேட் ஃபைலைப் படுக்கையறை பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கம்ப்யூட்டர் மேஜையில் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை காலை நான், என் வீட்டுக்காரர், தம்பி, பெரியப்பா எல்லோரும் படையெடுத்தோம்.

பெரியப்பா கெஞ்சினார். தம்பி எகிறினான். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். கல்லுப் பிள்ளையார் மாதிரி வழியை அடைத்துக்கொண்டு நின்றான்.

"சர்ட்டிபிகேட் இல்லாம அவ எங்க போவா? என்னைத் தாண்டித்தானே எடுக்கணும்?" என்று சிரித்தான்.

அவள் ஹாலில் இல்லை என்பதைக்கூட அவன் கவனிக்கவில்லை. என் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, பஸ் ஏறிட்டேன். சத்தம் போட்டது போதும், வீட்டுக்குப் போங்க."

ஓடிப்போய்ப் பீரோவைத் திறந்தான். ஃபைல் இருந்தது. உள்ளே பழைய கரண்ட் பில்கள். எனக்குத் துளியும் பாவமாக இல்லை, குளுகுளுவென்று இருந்தது.

"எப்ப எடுத்தா?" என்றான்.

"புதன்கிழமை, மாப்பிள்ளை," என்றேன் நான். "நீங்க இதே ரூம்லதான் இருந்தீங்க. ஏதோ ஒரு பாலத்தைக் காத்துட்டு இருந்தீங்களாம்."