நான்காவது கொட்டாங்கச்சி

அந்த வருடங்களில் மைசூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நான்கு பூனைகள் சாப்பிட்டன. கழுத்து தடித்த மஞ்சள் கடுவன் ஒன்று. சாம்பல் நிறத் தாய்ப்பூனை ஒன்று. எங்கிருந்தோ வந்து சேர்ந்த, ஒரு காது கிழிந்த கிழட்டுப் பெட்டை ஒன்று. நான்காவது, சாம்பல் பூனையின் குட்டி. அது ஈன்ற மூன்றில் மிஞ்சியது இந்த ஒன்றுதான். மற்ற இரண்டும் பால் மறந்து சோற்றுக்கு மாறிய சில நாட்களில் மெலிந்துகொண்டே போய் இறந்தன. கறிவேப்பிலை மரத்தடியில் நான்தான் புதைத்தேன்.

மூன்றாவதும் இளைக்கத் தொடங்கியபோது என் மனைவி அதைத் தூக்குவதை நிறுத்திவிட்டாள்.

"இதையும் புதைக்கறதா இருந்தா எங்கிட்ட சொல்லாதீங்கோ. எனக்குத் தெரியவே வேண்டாம்" என்றாள்.

நான் அப்போது உணவு தானியப் பங்கீட்டு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தேன். சுதந்திரம் வந்துவிட்டிருந்தது, ரேஷன் கார்டு போகவில்லை. தலைக்கு இவ்வளவு என்று காலையிலிருந்து மாலைவரை வகுத்துக் கொடுப்பதுதான் என் தொழில். வீட்டிலும் அதையே செய்தேன். மிஞ்சிய தயிர்சாதத்தை நான்கு கொட்டாங்கச்சிகளில் சமமாகப் போட்டு, ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் மண்ணில் குழிபறித்து வைப்பேன். வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவேன். திரும்பி வரும்போது நான்கும் துடைத்த மாதிரி இருக்கும். எல்லோரும் அவரவர் பங்கைச் சாப்பிட்டாயிற்று என்பது என் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமைகளில் குட்டியைத் துணிப்பையில் போட்டு, புளியும் மிளகாயும் நிறுக்கும் கைத்தராசில் நிறுத்தேன். முதல் ஞாயிறு முப்பத்தெட்டு தோலா. அடுத்தது முப்பத்தேழு. அதற்கடுத்தது முப்பத்தைந்து. வாரத்துக்கு வாரம் ஏற வேண்டிய வயது. ஓமத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தோம். சோற்றின் அளவைக் கூட்டினேன், நான்கு பங்கையும் ஒரே மாதிரியாக. குட்டியின் முதுகெலும்பு கைக்கு இன்னும் நன்றாகத் தட்டுப்பட்டது. கடுவனுக்குத் தாடை தொங்கியது.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகள் தராசையும் கடுவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா, இவனை நிறுக்கணும்னா மண்டி மொஹல்லாவுக்குத்தான் தூக்கிண்டு போகணும். மூட்டை நிறுக்கற தராசு அங்கதான் இருக்கு."

அப்படியிருக்கையில் ஒரு ஏகாதசி ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. ஏகாதசியன்று எங்கள் வீட்டில் அரிசி உலையில் ஏறாது. மனிதருக்கே சாதம் இல்லாதபோது பூனைக்கு ஏது? அன்று கொட்டாங்கச்சிகளில் கொஞ்சம் பால் மட்டும் ஊற்றுவது வழக்கம். பெரிய பூனைகளுக்கு இது தெரியும். பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் ஒருவர் குடியிருந்தார், ஞாயிறு தவறாமல் அங்கே மீன் பொரியும். மூன்று பூனைகளும் பாலை ஒரு முறை மோந்து பார்த்துவிட்டுச் சுவரேறிப் போய்விட்டன. குட்டிக்குச் சுவர் எட்டாது.

விடுமுறை என்பதால் நான் கொல்லைப் படியில் உட்கார்ந்திருந்தேன். குட்டி நாலு வாய் நக்கியது. தலையைத் தூக்கிப் பின்னால் பார்த்தது. கொட்டாங்கச்சியை விட்டு நகர்ந்துபோய் ஒரு காய்ந்த இலையை முன்னங்காலால் தட்டி விளையாடியது. கொஞ்சம் படுத்தது. பிறகு வந்து மறுபடி நக்கியது. மறுபடி போனது. ஒரு கொட்டாங்கச்சிப் பாலைக் குடிக்க அதற்கு நான் செய்தித்தாளை முழுவதும் படித்து மடிக்கிற நேரம் பிடித்தது. ஆனால் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. அது ஒரு பங்கை முழுதாகச் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான்.

உடனே நிறுத்துப் பார்த்தேன். இரண்டு தோலா கூடியிருந்தது. அது வயிற்றிலிருந்த பாலின் எடை, உடம்பின் எடை அல்ல என்பது தெரியாதவன் இல்லை நான். தராசைவிட அந்தப் போய் வருதல்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னது. மற்ற நாட்களில் குட்டி முதல் முறை நகர்ந்ததுமே கடுவன் வந்து அதன் கொட்டாங்கச்சியில் வாய் வைத்திருக்க வேண்டும். காலியானதைப் பார்த்து நான் திருப்திப்பட்டிருக்கிறேன். அலுவலகத்திலும் நாங்கள் பார்ப்பது மூட்டை கிடங்கை விட்டுப் போயிற்றா என்பதைத்தான். அடுப்படியில் யார் முதலில் உண்டார்கள், யார் கடைசியில் பாத்திரத்தைச் சுரண்டினார்கள் என்று கேட்க எங்களுக்கு வழியும் இல்லை, வழக்கமும் இல்லை. அன்று படியில் உட்கார்ந்தபடி அதையும் சற்று நேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

குட்டிக்கு வேண்டியது கதவுள்ள ஓர் அறை. சமையலறையைக் கேட்டுப் பார்த்தேன்.

"தளிகை பண்ற இடத்துல பூனையா? நன்னாயிருக்கு! மடியாவது ஒண்ணாவது!" என்றாள் மனைவி. சாமான் அறைக்கும் அதே பதில். மிஞ்சியது பச்சல். குளிக்கும் அறையைக் கன்னடத்தை ஒட்டி நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வெந்நீர் அண்டாவுக்குக் கீழே அடுப்பு எரிவதால் கதகதப்பாகவும் இருக்கும். மறுநாளிலிருந்து காலையிலும் மாலையிலும் குட்டியை அதன் கொட்டாங்கச்சியோடு உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். கடுவன் வந்து கதவைப் பிராண்டும். விரட்டுவேன்.

இதனால் வீட்டில் ஒருவரும் வேளைக்குக் குளிக்க முடியவில்லை.

"உள்ளே யாரு?" என்று கேட்பாள் மகள், தோளில் துண்டோடு.

"குட்டி."

"இன்னுமா? நான் காலேஜுக்குப் போறதா பேடவா?" அவசரத்தில் அவளுக்கு 'வேண்டாமா' என்பது கன்னடத்தில்தான் வரும்.

நான் குளிக்காமல் பூஜை ஆகாது. சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வரும்: "ஏன்னா, பெருமாள் காத்துண்டிருக்கார். குட்டி ஏப்பம் விட்டாச்சான்னு கேட்கறார்."

அடுத்த ஞாயிறு நாற்பது தோலா. அதற்கடுத்தது நாற்பத்தேழு. ரோமத்தில் மினுமினுப்பு வந்தது. மனைவி அப்போதும் குட்டியைத் தொடவில்லை. ஆனால் ஒரு நாள் கொட்டாங்கச்சியில் சாதத்தின் மேல் தயிர் ஏடு கெட்டியாகக் கிடந்தது. யார் போட்டது என்று கேட்டேன்.

"புளிச்சுப் போச்சு, அதான்" என்றாள். நான் ருசி பார்க்கவில்லை. பார்த்திருந்தால் புளித்திருக்காது என்றே நினைக்கிறேன்.

பிறகு ஒரு காலை, மேலதிகாரி வருகிறார் என்று நான் சீக்கிரமே அலுவலகம் போக வேண்டியிருந்தது. மகளுக்கோ அன்று பரீட்சை. அவள் உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். வேறு வழியின்றிக் குட்டியின் கொட்டாங்கச்சியைக் கொல்லையில் மற்றவற்றோடு வைத்தேன். துண்டைக் கட்டிக்கொண்டு காவல் நின்றேன். கடுவன் தன் பங்கை முடித்துவிட்டு நிதானமாக நடந்து வந்தது. விரட்டக் கையை ஓங்கினேன். அதற்குள் குட்டி, வாயை எடுக்காமலே, ஒரு முன்னங்காலைக் கொட்டாங்கச்சிக்குள் வைத்து உறுமியது. அந்த உடம்பிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடுவன் நின்றது. உட்கார்ந்து, தன் தோளை நக்க ஆரம்பித்தது.

மகள் குளித்துவிட்டு வெளியே வந்தாள். நான் நகரவில்லை.

மனைவி கொல்லை வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. "போங்கோ, ஸ்நானம் பண்ணுங்கோ. நான் இங்கயே இருக்கேன்" என்று சொல்லிப் படியில் உட்கார்ந்தாள்.

பச்சலுக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சொம்பைக் கையில் எடுத்தும் வெந்நீர் மொள்ளாமல் நின்றேன். வெளியே இன்னொரு உறுமல் கேட்டது. அதன்பின் மனைவியின் குரல்: "டேய் தடியா, அந்தப் பக்கம் போ." பிறகு வெகுநேரம் ஒரு கொட்டாங்கச்சியை நக்குகிற சத்தம் மட்டும்.