கிராணி காலில் கன நீர்

சுகுமாரன் காலுறையின் மேல்பட்டியைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார். பட்டி இறுக்குகிறதாம். ஒன்றை முடித்து மற்றதை எடுத்தபோது, நான் குனிந்து அவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது.

"கனத் தண்ணி கீழ எறங்குது லா, அக்கா," என்றார். குரலில் திருப்தி.

ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் உள்ள தேயிலைத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருடம் கொழுந்தை எடைபோட்டுக் கணக்கெழுதிய கிராணி அவர். மழை நாளில் மூட்டைக்கு மூன்று கிலோ ஈரத்துக்கென்று கழிப்பார். தராசு பொய் சொல்லாது என்பார். கொழுந்து பறித்த பெண்கள் அதை மறக்கவில்லை. கால் வீங்கியதும் பக்கத்து லயத்து வரிசை வீட்டில் ஒருத்தி, "நம்ம மூட்டையில கழிச்ச தண்ணியெல்லாம் அங்கதான் போய்ச் சேந்துச்சு," என்றாளாம். இதை என்னிடம் சொன்னவர் சுகுமாரனேதான், சிரித்துக்கொண்டு.

அவருக்கு இதயம் பலவீனம். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது. காலையில் சிறுநீர் பிரியத் தண்ணி மாத்திரை. பார்த்துக்கொள்ள மகள் தனுஜா என்னை வைத்திருந்தாள். நான் ஈப்போவுக்குப் போயிருந்த ஒன்பது நாளில்தான் ஹரிதாஸ் என்பவன் பாட்டில் தண்ணீர் விற்கத் தோட்டத்து மண்டபத்துக்கு வந்திருக்கிறான்.

அவன் கொண்டுவந்த படத்தில் மூன்று வட்டம். சாதாரண ஹைட்ரஜன் அணுவின் கருவில் ஒரு புரோட்டான் மட்டும். இரண்டாவதில் கூடவே ஒரு நியூட்ரான். எடை ஏறக்குறைய இரட்டிப்பு. அதன் பெயர் டியூட்டிரியம், அது சேர்ந்த தண்ணீர் கன நீர். மூன்றாவதில் இரண்டு நியூட்ரான். இவ்வளவும் சரி. ஆனால் எங்கள் லயங்களில் கால் வீங்கினாலே "தண்ணி கனத்துப்போச்சு" என்பார்கள். அது தெரிந்தே அவன் சொன்னான்: உங்கள் காலில் கனத்திருப்பது அந்தக் கன நீர்தான், என் லேசான தண்ணீரைத் தினமும் நான்கு லிட்டர் குடித்தால் அது இறங்கி வெளியேறும், மாத்திரையை நிறுத்துங்கள்.

முப்பது வருடம் நோயாளிகளைக் கழுவித் துடைத்தவள் நான். மலமும் சீழும் எனக்குக் குமட்டியதில்லை. பாட்டிலில் ஒட்டியிருந்த அந்த மூன்று வட்டம் குமட்டியது. முழுப் பொய் சொல்பவனைக்கூடப் பொறுக்கலாம். இவன் பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருப்பதைக் கொண்டுவந்து நோயாளியின் வாயில் ஊற்றியிருக்கிறான்.

தனுஜா வேதியியல் ஆசிரியை. தானா ராத்தா ஊரில் பள்ளி முடிந்து சாயங்காலம் வந்தவள், காலைப் பார்த்து வெளிறிப்போனாள். வீக்கத்தைக் காலுறைக்குள் மறைத்து, அவளுக்குத் தெரியாமல்தான் குடித்திருக்கிறார்.

"அப்பா, எல்லாத் தண்ணியிலயும் அந்த டியூட்டிரியம் இருக்கு. ஆறாயிரத்துச் சொச்ச ஹைட்ரஜனுக்கு ஒண்ணு. அது தனியாப் பிரிஞ்சு கால்ல போய் நிக்காது. கால்ல நிக்கிறது நீங்க குடிச்ச தண்ணி."

"படிச்சவ நீ. அவனும் படிச்சவன்தான்," என்றார் சுகுமாரன்.

நான் குளியலறையிலிருந்து எடைப் பொறியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன், ஏறி நின்றார். நான் ஈப்போவுக்குப் போன அன்று எழுபத்தொரு கிலோ. இப்போது எழுபத்தேழு. இறங்கினார், முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார், மறுபடி ஏறினார். எழுபத்தேழு. குனிந்த அந்த ஒரு தடவைக்கே மூச்சு வாங்கியது.

"வெளியேறுதுன்னா கொறையணும்," என்றார் மெதுவாக.

"ஆறு கிலோ ஏறியிருக்கு. இனி இதயத்தால தள்ள முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றேன்.

விடிந்ததும் போகலாம் என்றார். படுத்தால் மூச்சு முட்டினால் அந்த நேரமே கிளம்ப வேண்டும் என்று சொல்லி, மூன்று தலையணை வைத்துச் சாய்த்தேன். அவனை நம்பியது வெட்கமாக இருக்கிறதென்று சுவரைப் பார்த்தபடி சொன்னார். வெட்கப்பட வேண்டியவன் வேறு ஆள் என்றேன்.

மறுநாள் காலை ஆறரைக்குத் தனுஜா காரை எடுத்தாள். எட்டு மணிக்கு ஊசி போட்டார்கள். பத்துக்குள் ஒன்றரை லிட்டர் சிறுநீர் பிரிந்தது. அளவுக் குடுவையை நான்தான் பிடித்தேன். அவரை வார்டில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, மிச்சமிருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து கக்கூஸ் கழுவினேன்.