ஒரே வரியில் இரண்டு பேர்

அந்த நாட்டின் தலைவரைச் சுட்டுக் கொன்ற செய்தி வந்தபோது காலை பத்தே முக்கால். நான் அலுவலக மீட்டிங்கில் இருந்தேன். வீட்டிலிருந்தே வேலை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிய எங்கள் வீட்டின் முன்னறை அம்மாவின் ஜூஸ் கடை, பின்னறையில் என் மேசை. நாட்டின் பெயரை எழுதவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள். என் அண்ணன் அப்போது அங்கே எலக்ட்ரீஷியன். நகரத்துக்கு வெளியே ஒரு தொழிலாளர் கேம்பில் தங்கியிருந்தான்.

என் முறை வந்தபோது முந்தின நாள் முடித்த மூன்று வேலைகளையும் வரிசையாகச் சொன்னேன். பிறகு மைக்கை அணைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் அடித்தேன். போகவில்லை. மதியம் அவனே கூப்பிட்டான்.

"நெட்டு கட் பண்ணிட்டாங்க. போன் மட்டும்தான். கேட்ட பூட்டிட்டாங்க, யாரையும் வெளிய விடல. நல்லாதான் இருக்கேன், அம்மாகிட்ட சொல்லு."

"சாப்பாடு?"

"இருக்கு இருக்கு. வெச்சிடறேன், பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். ஒரு எக்செல் ஷீட் திறந்து நான்கு பத்திகள் போட்டேன்: நாடு, அறிக்கை வந்த நேரம், பயன்படுத்திய சொல், தன் மக்களுக்கு என்ன சொன்னது. முதல் நாள் எல்லா நாடுகளும் ஒன்றுபோலவே பேசின. அதிர்ச்சி, கண்டனம், ஆழ்ந்த இரங்கல். இரண்டாம் நாள்தான் வித்தியாசம் தெரிந்தது. ஒரு பெரிய நாடு 'கொலை' என்ற சொல்லைத் தொடாமல் 'மறைவு' என்றது. இன்னொன்று, கொன்றவர்கள் யாரென்று தனக்குத் தெரியும் என்றது. கிழக்கே இருந்த பக்கத்து நாடு, தனக்கு இதில் தொடர்பில்லை என்று முந்திக்கொண்டு அறிவித்தது. மேற்கே இருந்த நாடு மட்டும் வாயே திறக்கவில்லை. அந்தக் கட்டத்தை மஞ்சளாக்கி வைத்தேன். கேம்புக்குப் பக்கமாக இருந்தது மேற்கு எல்லைதான்.

அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். வேங்கிக்கால் சவாரி முடித்து வந்து என் தோளுக்கு மேலாக ஷீட்டைப் படித்தார்.

"யாரும் கேக்கவே இல்லியே, அதுக்குள்ள நான் இல்லன்றான் இவன்?" என்றார் கிழக்கு நாட்டைக் காட்டி. "கலெக்டர் ஆபீஸ்ல கொடிய பாதிக்கு இறக்கியிருக்காங்க. யாருப்பா செத்தாங்கனு சவாரி கேக்குது."

"நீ இன்னா சொன்ன?"

"என் புள்ள வேலை செய்ற ஊரு பெரியவருனு சொன்னேன்."

அம்மா கடையிலிருந்தே குரல் கொடுத்தாள். "துக்கம் விசாரிக்க இத்தினி பேரு வர்றான். புள்ளைங்கள கூட்டியார ஒருத்தன் வரல."

மூன்றாம் நாள் மேற்கு நாடு பேசியது. இரங்கல் இரண்டே வரி. மூன்றாவது வரியில், வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மறுநாள் மாலை வரை எல்லையைக் கடக்கலாம், அதன்பின் மூடப்படும் என்றிருந்தது. நம் நேரப்படி மாலை ஆறரைதான் கெடு. அறிக்கை வந்த ஒரு மணி நேரத்தில் நான்காம் பத்தியில் மூன்று நாடுகளுக்கு ஒரே சொல்லை எழுதினேன்: வெளியேறுங்கள்.

எல்லைக்கு அப்பால் பள்ளி ஆசிரியராக இருந்த ஒரு தமிழர் பேருந்துகள் ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். பட்டியலில் பெயர் உள்ளவர்களை மட்டும்தான் கேம்ப் கேட்டும் எல்லைக் காவலும் விடும். குடும்பங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பெயர்களை அவர் ஒரே ஷீட்டில் கொட்டி வைத்திருந்தார். நானூறு சொச்சம் வரிகள். ஒரே ஆளை அவன் தம்பி ஒருமுறை, மச்சான் ஒருமுறை, மனைவி ஒருமுறை அனுப்பியிருந்தார்கள். தரவைச் சரிபார்ப்பதுதான் என் தொழில். நான் சுத்தம் செய்து தருகிறேன் என்றேன்.

பெயர்களை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதியிருந்தார்கள். அதனால் பெயரை நம்பவில்லை. அப்பா பெயர், பிறந்த தேதி, கேம்ப் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று விதி வைத்து, மிச்சத்தை நீக்கினேன். ஐம்பத்தேழு வரிகள் போயின. மறுநாள் காலை எட்டு மணிக்கு அனுப்பிவிட்டேன். நீக்கியவற்றைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அன்று பௌர்ணமி. மதியத்திலிருந்தே பாதையில் கூட்டம் ஏறத் தொடங்கிவிட்டது. எங்கள் கடைக்குப் பக்கத்தில் பூவும் கற்பூரமும் விற்கும் பெண், கூடையை அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு உள்ளே வந்தாள். அவள் கணவன் என் அண்ணனோடு ஒரே வகுப்பில் படித்தவன். அதே கேம்பில் வெல்டர்.

"அக்கா, லிஸ்ட்ல அவரு பேரு இருக்குல்ல? ஒரு தடவ காட்டேன், பாத்துட்டுப் போறேன்."

தேடினேன். இல்லை. அவன் பெயரை நான்கு விதமாக அடித்துப் பார்த்தேன். பழைய ஷீட்டைத் திறந்தேன். அதில் இருந்தான். அண்ணனின் வரியையும் அவன் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மூன்று கட்டங்களும் ஒன்றுபோலவே இருந்தன.

எங்கள் ஊரில் அப்பா வயது ஆண்களில் பாதிப் பேருக்கு மலையின் பெயர்தான். என் அப்பாவுக்கும் அதுதான், அவன் அப்பாவுக்கும் அதுதான். பிறந்த தேதி தெரியாமல் பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு எங்கள் தலைமையாசிரியர், வயது சரியாக வரும்படி, ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். அண்ணனும் அவனும் ஒரே காலையில் சேர்க்கப்பட்டவர்கள். அந்தத் தேதிதான் இருவர் பாஸ்போர்ட்டிலும் இருந்தது. ஊரே அறிந்த விஷயம். எனக்கும் தெரியும்.

"இன்னாக்கா?"

"நான் எடுத்துட்டேன்" என்றேன். "ரெண்டு பேரையும் ஒரே ஆளுனு நெனச்சு அவர எடுத்துட்டேன்."

அவள் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். கேம்பிலிருந்து பேருந்து நம் நேரப்படி இரண்டரைக்குக் கிளம்பும். மணி இரண்டு ஐந்து. ஆசிரியருக்குச் செய்தி அனுப்பினேன், பார்க்கவில்லை. அண்ணனுக்குச் சாதாரண அழைப்புதான் போகும், பௌர்ணமிக் கூட்டத்தில் எங்கள் பகுதி டவரோ திணறும். மொட்டை மாடிக்கு ஓடினேன். அவளும் ஏறி வந்தாள். ஒன்பதாவது முறை மணி அடித்தது.

"பஸ்ஸுலதான் இருக்கேன்" என்றான் அண்ணன். "அவன் பேரு இல்லனு கீழயே நிக்க வெச்சிட்டாங்க. இன்னா கூத்து இது?"

"என் தப்பு. நான்தான் எடுத்துட்டேன்."

"அவன உட்டுட்டு நான் எப்படிப் போறது? இறங்கட்டா? நீயே சொல்லு."

இறங்கினால் இருவரும் அங்கே. இறங்காவிட்டால் அவன் மட்டும் அங்கே. பக்கத்தில் அவன் மனைவி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"லிஸ்ட் வெச்சிருக்கிறவர்கிட்ட போன குடு" என்றேன்.

போனில் வந்த பேருந்துப் பொறுப்பாளரும் தமிழர்தான், நிறையக் கத்தி ஓய்ந்த குரல். நடந்ததை அப்படியே சொன்னேன்.

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம்மா. கீழ இன்னும் இருபது பேரு இதையேதான் சொல்றாங்க. புதுசா ஆள் சேர்க்க எனக்கு அனுமதி இல்ல. கூடப் பொறந்தவன்னா மட்டும் ஏத்தலாம், குடும்பத்தப் பிரிக்கக் கூடாதுனு எல்லையில சொல்லியிருக்காங்க."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பாஸ்போர்ட்டுகளை வாங்கியிருப்பார்.

"அட, ரெண்டுக்கும் ஒரே தேதி. அப்பா பேரும் ஒண்ணு, ஊரும் ஒண்ணு. இரட்டையா?"

பாஸ்போர்ட்டின் முன்பக்கத்தில் பெயரோடு அப்பா பெயர் மட்டும்தான் இருக்கும், அம்மா பெயர் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அவர் திருப்பினால் தெரிந்துவிடும். அவர் திருப்பாவிட்டாலும் எல்லையில் யாராவது திருப்பலாம். பொய் என்று தெரிந்தால் இருவரையுமே இறக்குவார்கள்.

"ஆமாங்க" என்றேன். "இரட்டை."

"மொதல்லயே சொல்ல வேண்டியதுதான?" என்றார். அவர் யாரையோ கூப்பிடுவது கேட்டது, பிறகு இணைப்பு போய்விட்டது.

கீழே வந்து சொன்னபோது அம்மா எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தாள். "நான் எப்போடி ரெட்டப் புள்ள பெத்தேன்?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. பிறகு, எதிரே நின்ற பெண்ணைப் பார்த்துவிட்டு, அவளுக்கு ஒரு டம்ளர் ஜூஸைக் கொடுத்து, "குடி மொதல்ல" என்றாள்.

மாலை நான்கு. ஐந்து. ஆட்டோவுக்கு வழியில்லாத கூட்டம் என்று அப்பா வண்டியை ஓரம்கட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். அங்கே கிழக்கு நாட்டின் தூதரகத்தைக் கூட்டம் சூழ்ந்திருப்பதாகச் செய்தி வந்தது. ஷீட்டில் ஏற்றவில்லை. பூ விற்கும் பெண் வாங்க வருபவர்களுக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"ரெண்டு பேருல ஒருத்தர கம்ப்யூட்டர் எடுத்துச்சே. உங்க அண்ணன் வரி மட்டும் எப்படி நின்னுச்சு?"

"எது மேல இருக்கோ அது நிக்கும். கீழ இருக்கறது போயிடும்."

"மேல யாரு போட்டது?"

ஆசிரியர் ஷீட்டின் இணைப்பை அனுப்பியதும் முதல் வேலையாக அண்ணன் பெயர் அதில் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. நானே எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வரி சேர்த்து எழுதினேன். சுத்தம் செய்கிறேன் என்று சொன்னது அதற்கு அப்புறம்தான்.

"நான்தான்" என்றேன்.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இரண்டு முழம் மல்லி கேட்டு நின்றவருக்கு அளந்து கொடுத்தாள்.

ஆறே காலுக்கு அவள் போன் அடித்தது. கூட்டத்தின் இரைச்சலில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். நீண்ட நேரம் கேட்டாள், "ம்" என்று மட்டும் சொன்னாள். நான் எழுந்து நின்றேன். அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு, என்னைக் கடந்து போய், அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"ரெண்டு பேரும் தாண்டிட்டாங்களாம்மா" என்றாள் அம்மாவிடம்.